பட்டியலில் உங்க ஊர் இருக்கா?

கொடைக்கானல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, போட்டிங், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட்... அப்புறம் மலைப்பாதையில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு வாங்கி, பத்தாவது வளைவில் வாந்தியெடுத்த அந்த ஒரு ஃப்ரெண்ட். கரெக்ட்டா?

ஒருமுறை அந்த ரூட்டைக் கொஞ்சம் மாத்திப் பாருங்களேன். வத்தலக்குண்டு வழியை விடுங்க. பழனி பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் ஏறுங்க. கிட்டத்தட்ட 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டினதும் பஸ் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே பழனி கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகும். தண்டாயுதபாணி குடியிருக்கிற மலையே, யாரோ வயல் நடுவில் வைத்துவிட்டு மறந்துபோன மண்பானை மாதிரி தெரியும். பெருமாள்மலை வருவதற்கு முன்னாடியே இறங்கிடுங்க. ஊர் பேர், வடகவுஞ்சி.

(மன்னவனூர் பக்கம் வெறும் 'கவுஞ்சி' என்று இன்னொரு ஊர் இருக்கு. கண்டக்டரிடம் 'வட'வை அழுத்திச் சொல்லலைன்னா சிக்கல்!)

'அங்கே பார்க்க என்ன இருக்கு?' என்று கேட்டால், டூரிஸ்ட் போர்டு சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. வ்யூ பாயின்ட் இல்லை, டிக்கெட் கவுன்ட்டர் இல்லை. ஆனால் ஒரு குட்டித் தீவு தேசம் உலக வல்லரசான கதையின் ஒரு பக்கம் இந்த மலையில் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனோம் என்று பந்தா விட ஆசைதான். நிஜத்தில், குளிருக்காகப் போனோம். கதை தானாக வந்து மாட்டியது.

பழி முழுக்க என் ரூம்மேட்டுக்குத்தான் போகணும். இன்ஜினீயரிங் மூணாம் வருஷத்திலேயே டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு தூங்குகிற ஜாதி அவன். பஸ்ஸிலும் விடலை. "மச்சி, சொல்லு... எந்த உடன்படிக்கையால திண்டுக்கல் கம்பெனிக்குப் போச்சு?"

"எந்தக் கம்பெனிடா? கேம்பஸ் வருதா?"

"ஈஸ்ட் இண்டியா கம்பெனிடா, வெண்ணெய்! 1792, ஸ்ரீரங்கப்பட்டணம்."

அந்த ஒரு மார்க் கேள்விதான் நாள் முழுக்க எங்களோடு நடந்து வந்தது.

ஒரு வயல், ஏழு கடல்

வடகவுஞ்சியில் மூடுபனி கேட்டுக்கொண்டு வராது. டீயை ஊதிக் குடிப்பதற்குள் எதிர்க்கடை காணாமல் போய், காசு கொடுக்கும்போது திரும்ப வந்துவிடும். ஊரைச் சுற்றி சரிவு சரிவாகத் தோட்டம். கொஞ்சம் உற்றுப் பாருங்க, உலக மேப்பே மண்ணில் முளைத்திருக்கும்.

காபிச் செடி, பூர்வீகம் எத்தியோப்பியா. அதற்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக், ஆஸ்திரேலியா. பந்தலில் தொங்குகிற சவ்சவ், மெக்சிகோ பக்கம். பட்டர் ஃப்ரூட்டும் அதே ஏரியா. பீன்ஸ், அமெரிக்கா. கொஞ்சம் மேலே போனால் உருளைக்கிழங்கு, ஆண்டிஸ் மலை. ஒன்றுகூட இங்கே தானாக முளைக்கலை. யார் யாரோ கப்பலேறிப் போய், சண்டை போட்டு, வாங்கி, திருடி, கொண்டுவந்து நட்டது. ஒரு தோட்டத்துக்குப் பின்னால் ஐந்நூறு வருஷக் கடல் பயணம் இருக்கிறது. நாமோ அதைச் சாம்பாரில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிறோம்!

உள்ளூர்க்காரர் என்று சொல்ல ஒருத்தர் உண்டு, மலைவாழை. டீக்கடையில் சீப்பாகத் தொங்கியது. சின்னது, தோல் தடிப்பு, உள்ளே அசுர இனிப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தோட்டக்காரர், உரிமையோடு பிய்த்துக் கொடுத்தார்.

"சாப்பிடுங்க தம்பி. விருப்பாச்சிப் பழம். பஞ்சாமிர்தத்துக்கு இதான் போகும்."

உண்மைதான். விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது.

பழத்தைத் தின்றுகொண்டிருந்தபோது பெரியவர் பார்வை ரூம்மேட்டின் டீ-ஷர்ட்டில் நின்றது. பாயும் புலி, கீழே கப்பல், 'கடாரம் கொண்டான்' என்று கொட்டை எழுத்து.

"அது என்னப்பா புலி?"

விடுவானா நம்மாளு? நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தான். "சோழர் கொடி தாத்தா. ராஜேந்திர சோழன். ஆயிரம் வருஷம் முன்னாடியே கப்பல்ல படையெடுத்துப் போய், மலேசியாவுல கடாரத்தை ஜெயிச்சார். அப்பவே நாம வேர்ல்டு பவர்!"

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பழத்தோலைக் கூடையில் போட்டார். "சரி... கடாரத்துல என்ன வெளையும்?"

ரூம்மேட் என்னைப் பார்த்தான். நான் மூடுபனியைப் பார்த்தேன்.

அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும். கடைசியில் வருவோம்.

விருப்பாச்சின்னா பழம் மட்டுமா?

நம்மில் எத்தனை பேருக்கு விருப்பாச்சி ஒரு ஊர் என்று தெரியும்? கை தூக்குங்க. எனக்குத் தெரியாது. அதுவும் ஒரு பாளையம், அதற்கு ஒரு ராஜா, அவருக்கு ஒரு சாவு... அதெல்லாம் சுத்தமாகத் தெரியாது.

ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே, மலை அடிவாரத்தில் இருக்கிறது விருப்பாச்சி. ஒரு காலத்தில் விருப்பாச்சி, ஆயக்குடி மாதிரியான அடிவாரப் பாளையங்களின் கைதான் மேலே மலைக்கிராமங்கள் வரை நீண்டிருந்தது. 1772-ல் காளையார்கோவிலில் கம்பெனிப் படை சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றபோது, ராணி வேலுநாச்சியார் தஞ்சம் புகுந்தது இந்தப் பக்கம்தான். ஹைதர் அலியின் உதவி கேட்டு, படை திரட்டி, 1780-ல் சிவகங்கையை மீட்டார். அடைக்கலம் கொடுத்தவர் என்று வரலாறு சொல்கிற பெயர், விருப்பாச்சி கோபால நாயக்கர்.

அதே கோபால நாயக்கர் இருபது வருஷம் கழித்து மறுபடியும் வருகிறார். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில் திப்பு சுல்தான் கொல்லப்படுகிறார். அதே வருஷம் அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. 'அடுத்து நாமதான்' என்று புரிந்த பாளையக்காரர்கள் ஒன்று சேர ஆரம்பித்தார்கள். அதில் திண்டுக்கல் கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் கோபால நாயக்கர். சிவகங்கையில் மருது சகோதரர்கள், மலபாரில் கேரள வர்மா, வடக்கே கன்னட தேசத்தில் தூந்தாஜி வாக் என்று தொடர்பு நீண்டது. மொபைல் இல்லாத காலத்தில், மூன்று பாஷைக்காரர்களின் நெட்வொர்க்!

1800 ஜூன் மாதம் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கினார்கள். தோல்வி. பிடிபட்டவர்களில் நாற்பது பேருக்கு மேல் தூக்கு. செப்டம்பரில் தூந்தாஜியைத் துரத்திப் பிடித்துக் கொன்ற படையின் தலைவர், ஆர்தர் வெல்லெஸ்லி. 15 வருஷம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெல்லிங்டன் பிரபு. வாட்டர்லூ 1815 நமக்கு மனப்பாடம். அதே ஆள் அதற்கு முன்னால் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது சிலபஸில் இல்லை.

1801-ல் விருப்பாச்சி விழுந்தது. கோபால நாயக்கரைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரம் குளத்தைக் காட்டி 'இங்கேதான்' என்று சொல்வார்கள். அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கும் தூக்கு. இப்போது விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆனாலும் பெயரைச் சொன்னால் முதலில் நமக்கு நாக்கில் ஊறுவது பழம்தான்.

அங்கே தோற்றார், இங்கே ஜெயித்தார்

இப்போ ரூம்மேட்டின் ஒரு மார்க் கேள்விக்கு வருவோம். அந்த 1792 உடன்படிக்கையில் கம்பெனி பக்கம் நின்ற ஆள் யார் தெரியுமா? கார்ன்வாலிஸ்.

இவரோட பயோடேட்டாவைப் பாருங்க. 1781, அமெரிக்கா, யார்க்டவுன். ஜார்ஜ் வாஷிங்டனின் படையும் பிரெஞ்சுப் படையும் சுற்றி வளைக்க, தன் முழுப் படையோடு சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி. அமெரிக்கா கையைவிட்டுப் போனதே அந்தச் சரணாகதியில்தான். நம்ம ஊராக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவர்கள் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அரியர் வைத்தவனுக்கே சப்ளிமென்ட்டரியில் டிஸ்டிங்ஷன் மாதிரி, மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவை மடக்கினார். திண்டுக்கல் கோட்டை 1790-லேயே கம்பெனி கைக்கு வந்துவிட்டது. 1792-ல் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்தார், 3 கோடியே 30 லட்ச ரூபாய்க்குச் சம்மதித்தார், பணம் கட்டும்வரை தன் இரண்டு சின்ன மகன்களைப் பிணையாக அனுப்பினார்.

அந்த உடன்படிக்கையோடு ஒரு பட்டியல் இருக்கிறது. யாருக்கு எந்த ஊர் என்ற பட்டியல். கம்பெனி பங்கில் சேலம், நாமக்கல், சங்ககிரி, ஆத்தூர், பாரமகால்... நடுவில் திண்டுக்கல்லும் பழனி-விருப்பாச்சியும். (பழனி-விருப்பாச்சியை ஒரே மூச்சில் இங்கிலீஷில் எழுதியிருக்கிற ஸ்பெல்லிங்கைப் பார்த்தால் முருகனுக்கே அடையாளம் தெரியாது!) ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண். ஜனத்தொகையா? இல்லை. கோயில் எத்தனை, குளம் எத்தனையா? அதுவும் இல்லை. வருஷத்துக்கு எத்தனை வராகன் வரி தேறும் என்ற எண். அவ்வளவுதான்.

வடகவுஞ்சி மாதிரி ஒரு மலைக்கிராமத்தில் அன்றைக்குக் காலையில் யாராவது தினைக்குக் காவல் காத்துக்கொண்டிருந்திருப்பார்கள். காவிரிக்கரைக் கூடாரம் ஒன்றில் தன் ஊர் கைமாறியது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வரி கேட்டு வந்த ஆளின் தலைப்பாகை மாறியபோதுதான் தெரிந்திருக்கும்.

வல்லரசு செய்வது எப்படி?

ஃபீட்பேக் லூப் படிச்சிருக்கீங்களா? படிக்காட்டியும் கேட்டிருப்பீங்க. கல்ச்சுரல்ஸில் எவனாவது மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோவான்... 'கீ...ச்ச்ச்!' ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி வெளியே வந்து, திரும்ப மைக்குக்குள் போய், இன்னும் பெரிதாகி... நிறுத்தாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் காலி.

பிரிட்டன் வல்லரசானதும் இதே டெக்னிக்தான். 1600 டிசம்பர் 31-ல் சில லண்டன் வியாபாரிகள் ராணியிடம் லைசென்ஸ் வாங்கி ஆரம்பித்த கம்பெனி, 1639-ல் சென்னைக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் பிடித்தது. மிளகும் துணியும் வாங்கிப் போனது. அங்கே லண்டனில் 1694-ல் ஒரு வேலை செய்தார்கள். பிரான்ஸோடு நடந்த போருக்குக் கடன் திரட்டுவதற்காகவே ஒரு பேங்க் ஆரம்பித்தார்கள். அதுதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. அரசாங்கத்துக்கு வேண்டியபோது கடன் கிடைத்தால் கப்பல் கட்டலாம். கப்பல் இருந்தால் எதிரியின் வியாபாரத்தைப் பிடுங்கலாம். பிடுங்கின காசில் கடனை அடைத்து, அதைவிடப் பெரிய கடன் வாங்கலாம்.

பிரிட்டனும் பிரான்ஸும் மோதிய ஏழாண்டுப் போர் (1756-63) ஐரோப்பாவில் நடந்தது, கனடாவில் நடந்தது. நம்ம வந்தவாசியிலும் நடந்தது! கோரைப்பாய்க்குப் பேர்போன வந்தவாசியில் 1760 ஜனவரி 22-ல் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். இந்தியாவில் அவர்களின் ராஜ்யக் கனவு அத்தோடு சரிந்தது.

1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கிற உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. அங்கேதான் மைக் ஸ்பீக்கர் பக்கத்தில் போனது. நிலம் இருந்தால் வரி வரும். வரி இருந்தால் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கலாம். சிப்பாய் இருந்தால் அடுத்த நிலம். அந்த நிலத்தில் மறுபடி வரி... கீ...ச்ச்ச்! 1800-களின் ஆரம்பத்தில் கம்பெனியிடம் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் கொண்ட ராணுவம் இருந்தது. லண்டனில் ஒரு ஆபீஸ் வைத்திருந்த பிரைவேட் கம்பெனிக்கு!

அந்த 2 லட்சத்தில் பெரும்பாலானவர்கள் யார்? வெள்ளைக்காரர்கள் இல்லை பாஸ். நம்மவர்கள். நம் ஊர் வரியில் நம் ஊர்க்காரனுக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் பக்கத்து ஊரைப் பிடிப்பது. பக்கத்து ஊர் முடிந்ததும் கடல். 1762-ல் ஸ்பெயினிடமிருந்து மணிலாவைப் பிடிக்கப் போன கப்பல்கள் சென்னையிலிருந்து சிப்பாய்களோடு கிளம்பின. 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து கொழும்பு. 1811-ல் ஜாவா. 1840-ல் சீனாவோடு அபினிப் போர், அதிலும் மதராஸ் ரெஜிமென்ட் உண்டு. ஆக, லண்டன் வல்லரசானது லண்டனில் மட்டும் இல்லை. திண்டுக்கல் தாலுக்காவின் வரியிலும், பேர் தெரியாத ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் தோளிலும்தான். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? எனக்கு இன்னும் தெரியலை.

மலையை அளந்தவர்கள்

பிடித்தால் போதுமா? அளக்கணுமே! எதை அளக்கவில்லையோ அதற்கு வரி போட முடியாது.

சிவில் பசங்களுக்கு சர்வே லேப் என்றால் வெயிலில் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு, ஸ்டாஃப் பிடிக்கிறவனைத் திட்டுகிற நாள். அதன் கொள்ளுத்தாத்தா கதையைக் கேளுங்க. நான்காம் மைசூர்ப் போரில் சண்டை போட்ட வில்லியம் லாம்டன், போர் முடிந்த கையோடு இந்தியாவையே அளக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். 1802-ல் பரங்கிமலை பக்கம் முதல் அடிக்கோடு போட்டார்கள். அவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. வரும் வழியில் கப்பலையே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் 'அறிவியல் கருவிதானே' என்று அனுப்பிவைத்தார்கள். எதிரிக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று யோசித்திருந்தால் கொடுத்திருப்பார்களா, சந்தேகம்தான்.

நம்ம பழனி மலையை 1821-ல் அளக்க வந்தவர், லெப்டினன்ட் பி.எஸ். வார்டு. வெள்ளகவி கிராமத்திலிருந்து கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். (இ-பாஸ் கேட்க அப்போது ஆள் இல்லை!) மேப் வந்தது. மேப் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். 1845-ல் இன்றைய கொடைக்கானலில் முதன்முதலாக பங்களா கட்டியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க மிஷனரிகள். மதுரையின் வெயிலும் காலராவும் காய்ச்சலும் தாங்காமல் மலையேறியவர்கள். கார்ன்வாலிஸை யார்க்டவுனில் சரணடைய வைத்த அதே தேசத்தின் மக்கள், அவர் திப்புவிடமிருந்து பிடுங்கிய மலையில் வந்து குளிர் காய்ந்தார்கள். வரலாற்றுக்கு நக்கல் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த அமெரிக்காவும் 1898-ல் ஸ்பெயினோடு போர் தொடுத்து, மதராஸ் சிப்பாய்கள் இறங்கிய அதே மணிலாவில் இறங்கி, தன் வல்லரசுக் கணக்கை ஆரம்பித்தது. பட்டியல் எழுதுகிற கை மாறிக்கொண்டே இருந்தது.

கோபுரத்தில் இடித்தது

இப்போ அந்தப் புலி டீ-ஷர்ட்.

லாம்டனின் அரை டன் தியோடலைட்டுக்கு 1808-ல் ஒரு ஆக்சிடென்ட். சமவெளியில் உயரமான இடம் வேண்டுமே? கோயில் கோபுரம்தான் கைகொடுக்கும். தஞ்சாவூரில் அதைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு நழுவ, கருவி சுவரில் மோதி வளைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். மோதிய இடம்? 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயில்.

அந்தக் கோயிலிலும் ஒரு பட்டியல் இருக்கிறது, கல்லில். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் 1025-ல் கப்பல்களை அனுப்பி ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கிய கதை. வென்ற ஊர்கள் என்று பதிமூன்று பெயர்கள். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மானக்கவாரம், கடாரம்... ஸ்கூலில் இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்பவும் புல்லரிக்கும். அந்தக் காலத்தில் வங்கக்கடலைத் தாண்டிப் படை நடத்துவது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் வடகவுஞ்சியில் உட்கார்ந்து யோசித்தபோது முதல்முறையாக வேறு மாதிரி தோன்றியது. 1792 பட்டியல், தஞ்சாவூர்ப் பட்டியல். இரண்டிலும் ஊர்ப் பெயர்கள். இரண்டையும் எழுதியது ஜெயித்தவன். ஒன்றில் நம்ம ஊர் பட்டியலுக்குள் இருக்கிறது. இன்னொன்றில் நாம் உளியைப் பிடித்திருக்கிறோம்.

'ரெண்டும் ஒண்ணா?' என்று கேட்பீங்க. ரூம்மேட்டும் கேட்டான், கொஞ்சம் கோபமாகவே. ஒன்றில்லைதான். சோழர்கள் அங்கே கலெக்டர் வைத்து, நிலம் அளந்து, நூறு நூற்றைம்பது வருஷம் வரி உறிஞ்சவில்லை. அது ஒரு பெரும் தாக்குதல். சீன வியாபாரத்துக்கான கடல்வழி ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தது முக்கியக் காரணம் என்கிறார்கள். கம்பெனியின் லூப் வேறு ரகம். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ஆனால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். அதற்கு இருபது வருஷம் முன்னால்தான் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தார் ராஜராஜன். அப்பா ஊர் கொடுத்த இடத்துக்கு, மகன் படை அனுப்பினார். விடியற்காலையில் கரையில் நின்று புலிக்கொடிக் கப்பல்களைப் பார்த்த ஒரு கடாரத்து மீனவனிடம் போய், 'பயப்படாதே, இது காலனி ஆதிக்கம் இல்லை, வெறும் படையெடுப்புதான்' என்று சொன்னால் என்ன சொல்லியிருப்பான்?

ரூம்மேட் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "டீ-ஷர்ட்டைக் கழட்டச் சொல்றியா?" என்றான்.

"இந்தக் குளிர்லயா? வேணாம்டா."

நிஜமாகவே வேண்டாம். ராஜேந்திரனைப் பார்த்து வியப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. விருப்பாச்சிக்காக நமக்கு வலித்தால், கடாரத்தைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தலாம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

என்ன விளையும்?

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் திரும்ப டீக்கடைக்கு வந்தோம். பெரியவர் இல்லை. தோட்டத்துக்குப் போய்விட்டாராம். வரலாறு தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் பட்டியலில் ஊர்ப் பெயரை எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் ஒருத்தர்தான் அந்த ஊரில் மனுஷன் இருப்பான், அவன் ஏதாவது விளைவித்துத் தின்பான் என்று யோசித்தவர்.

எங்க போனில் ஊருக்குள் சிக்னல் விளையாட்டு காட்டியது. பஸ் பெருமாள்மலைக்கு வந்ததும் நாலு கோடும் எழுந்து நின்றது. தேடினோம். கடாரம், இன்றைய பெயர் கெடா. மலேசியாவின் ஒரு மாநிலம். விளைவது... நெல். அந்த நாட்டுக்காரர்கள் அதைச் செல்லமாகச் சொல்வதே 'மலேசியாவின் நெற்களஞ்சியம்'.

நாம் தஞ்சாவூரைச் சொல்வோமே, அதே வார்த்தை!

ரூம்மேட் போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றியதில் புலி மறைந்துபோயிருந்தது. குளிருக்காகத்தான்.

அந்தப் பதிமூன்று பெயர்களில் 'மலையூர்' என்று ஒன்று வருகிறதே, கவனிச்சீங்களா? சுமத்ராவில் இருந்த இடம் என்கிறார்கள். நமக்கு அந்தப் பெயர் வேறு மாதிரி கேட்கிறது. மலையில் ஒரு ஊர். அங்கேயும் மூடுபனி இறங்கியிருக்கும். அங்கேயும் யாரோ ஒரு பெரியவர், வழிப்போக்கனுக்குப் பழம் பிய்த்துக் கொடுத்திருப்பார்.

அடுத்த முறை வடகவுஞ்சி போனால் அவரிடம் சொல்லணும். "தாத்தா, நெல்லு."

நீங்களும் போகணுமா?

பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதை பஸ்ஸில் ஏறி, வடகவுஞ்சி என்று சொல்லி இறங்குங்க. சொந்த வண்டி என்றால், கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்பும் முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்க. மழைக்காலத்தில் இந்தப் பாதையில் மண் சரியும், விசாரிக்காமல் ஏறாதீங்க. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். தோட்டத்துக்குள் கேட்காமல் கால் வைக்க வேண்டாம். இறங்கும்போது ஒரு அரை நாள் ஒதுக்கி விருப்பாச்சி மணிமண்டபத்தையும் பாருங்க. கையில் ஒரு சீப்புப் பழத்தோடு!